சம்பந்தியை ‘டேய்’ என்றது தொடர்பான விளக்கம்

வியாழக்கிழமை, காலை

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த வகையில் தங்களுக்கு என்றும் கடமைப்பட்டவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கச்சியான என் மனைவி, உங்கள் மகன், என் மகள் எல்லோரும் சுகம். நம் பேத்தியும் சுகம். சாதாரண சுகம் இல்லை. இன்று காலை என் செருப்பு வாரை ருசி பார்த்துவிட்டு, செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தையும் பாதி முடித்துவிட்டாள். அங்கு தங்கள் சுகத்தையும், தங்கள் கோபம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

போனில் பேசலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதையும் ‘மன்னிக்கணும், வைக்கறேங்க’ என்று சொல்லிவிட்டு வைக்கிறீர்கள். கோபத்திலும் மரியாதை குறையாத உங்களிடம் ஒருவன் எப்படித்தான் சண்டை போடுவது? அதனால்தான் கடிதம். எனக்குக் கடிதம் என்றால் ஒரே ஒரு மாதிரிதான் எழுத வரும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எங்கே உரசினாலும் டிப்போ மேனேஜர் விளக்கம் கேட்பார், எழுதிக் கொடுப்பேன். நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும்தான். ஆனாலும் முதலிலிருந்து எழுதாவிட்டால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் இன்னும் விடவில்லை. ஆகவே சம்பவத்தை ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

என் மகள், அதாவது தங்கள் மருமகள், வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். உங்கள் தங்கச்சிக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. சம்பந்தி அம்மா உங்கள் மகளின் பிரசவத்துக்கு முன்கூட்டியே போய் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். ஆகப் பகலில் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருப்பது இரண்டு ரிட்டயர்டு கேஸ்கள்: பஸ் ஓட்டிய நான், நூலகத்தில் இருந்த தாங்கள். யாரும் கேட்காமலே நாம் சந்தோஷமாகத் தலையாட்டினோம். அவள் அதற்குள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். “குழந்தைங்களுக்கான முதலுதவி வகுப்புக்குப் போயி, ரெண்டு பேரும் ஜோடியா பாஸ் பண்ணணும். ஒருத்தர் கை குழந்தை மேல இருக்கும்போது இன்னொருத்தர் போன் பண்ணணும்ல? பாஸ் ஆகலைன்னா காப்பகம்தான், பேர் குடுத்து வச்சிருக்கேன்” என்றாள். அந்தக் காப்பகத்தை நாம் போய்ப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிச் சுவர், சுவரெல்லாம் வாத்துப் படம், உள்ளே போக செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை. “சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கங்க” என்றாள் அங்கே இருந்த பெண், சலவைக்குப் போட்ட துணியைச் சொல்வது போல. வாசலைத் தாண்டியதும் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘வேண்டாம்’ என்றோம். நமக்குள் எதிலும் ஒத்துப்போகாது, அன்றைக்கு மட்டும் ஒத்துப்போனது.

வகுப்பு டயர் கடைக்கு மேல் மாடியில். படி ஏறும்போதே ரப்பர் வாசனை அடித்தது, எனக்கு டிப்போவுக்குள் நுழைந்தது போல தெம்பு வந்துவிட்டது. அதனால்தான் பொம்மைக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கச் சொன்னபோது கொஞ்சம் அதிகமாக ஊதிவிட்டேன். பொம்மையின் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. வகுப்பு எடுத்த நர்ஸம்மா ஓடி வந்து, “ஐயா, டியூபுக்குக் காத்தடிக்கிற கடை கீழ இருக்கு. இங்க கன்னம் நிறையற அளவு மூச்சு போதும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை, தங்கள் பெருந்தன்மை. ஆனால் தங்கள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சூடு பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார், நான் கிரீஸ் என்றேன், தாங்கள் பேனா மை என்றீர்கள், இரண்டு பேரையும் ஒரே பார்வையில் உட்கார வைத்துவிட்டு “ஓடற குழாய்த் தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது” என்றார். தொண்டையில் அடைத்தால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாதாம், வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாதாம். நம்மை வளர்த்தவர்கள் நமக்குச் செய்தது எல்லாமே கூடாதாம். நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று எனக்கு அன்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

“குழந்தை இருமினா நல்லா இருமட்டும், கூடவே இருந்து பாருங்க, முதுகுல அடிக்காதீங்க. சத்தமே வரலைன்னாதான் ஆபத்து” என்றார் நர்ஸம்மா. சத்தம் வராத குழந்தையை முன்கை மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்து இருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இதெல்லாம் எனக்குப் பிடிபட்டுவிட்டது, கியர் போடுவது மாதிரிதான். நம்மைக் கவிழ்த்தது கடைசிப் பாடம். “யாராவது வாங்களேன்னு பொதுவா கத்தாதீங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க. ஒரு ஆளைக் கை காட்டி, ‘நீ, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு’ன்னு நேரா சொல்லணும்” என்றார். நான் கையை நீட்டினேன். நீட்டிய கைக்கு எதிரே நின்றது என் சம்பந்தி.

பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் அப்பாவைக் கை நீட்டி ‘நீ’ என்று சொல்வதாவது! என் கை தானாகக் குவிந்து கும்பிடு ஆகிவிட்டது. பொம்மை மேசையில் கிடக்கிறது. “சம்பந்தி, முதல்ல நீங்க குழந்தையை எடுங்க, நான் போன் பண்றேன்” என்றேன். “சேச்சே, நீங்க இருக்கும்போது நானா? நீங்கதான் எடுக்கணும்” என்றீர்கள். “பெரியவங்க நீங்க.” “வயசுல ரெண்டு மாசம் நீங்கதாங்க பெரியவர்.” நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு பேரும் அப்படியே பேசிட்டு இருங்க. குழந்தை செத்துப் போயி ரொம்ப நேரமாச்சு” என்றார். அடுத்த முறை நான் துணிந்து பொம்மையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். “சம்பந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஆம்புலன்ஸுக்கு ஒரு போன்…” என்று இழுத்தேன். “இதுல என்னங்க சிரமம், என் பாக்கியம்” என்று தாங்கள் கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, நூலகத்தில் பேசுகிற குரலில், “வணக்கங்க, தொந்தரவுக்கு மன்னிக்கணும், நீங்க சாப்பிட்டாச்சா?” என்று ஆரம்பித்தீர்கள். ஆம்புலன்ஸ்காரனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் உலகத்தில் தாங்கள்தான். பொம்மை மறுபடியும் செத்தது.

நர்ஸம்மா நமக்கு வீட்டுப் பாடம் கொடுத்தார். “அடுத்த பரீட்சைக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நீ, வா, போன்னு பேசிப் பழகணும். உங்க மரியாதையால ஒரு குழந்தை சாகக் கூடாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாமும் முயற்சி செய்யாமல் இல்லை. சாப்பாட்டு மேசையில் தாங்கள் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, “நீ… தண்ணியை எடு…” என்றீர்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த மூச்சில் “…ங்க” என்று சேர்த்துவிட்டீர்கள். நான் “நீ போடா” என்று சொல்லிப் பார்க்க நினைத்து “நீங்க போங்கடா” என்றேன். உங்கள் மகனுக்குச் சிரிப்பில் புரை ஏறி, அவருக்கு முதலுதவி செய்ய வேண்டியதாகிவிட்டது.

இனி சம்பவ தினத்துக்கு வருகிறேன். தங்கள் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் தங்கச்சி ஊசியும் கையுமாக வந்து, “குடுங்கண்ணா, ஒரு நிமிஷத்துல தச்சுத் தர்றேன்” என்றாள். “எதுக்கும்மா சிரமம்” என்றீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பட்டன் யாருடைய சட்டையுடையது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன், விளக்கக் கடிதத்தில் அது அவசியம்.

மாலை வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. மகள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். தாங்கள் கூடத்து நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தலையங்கம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். நம்மாளு யார்? எங்கள் பாஷையில் சொன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர். கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டுச் சோதிக்காமல் விடமாட்டாள். அவள் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரலே கேட்கவில்லை. தாங்கள் என்னைக் கூப்பிட்டு, மெதுவாக, பெருமையாகச் சொன்னீர்கள்: “பாத்தீங்களா சம்பந்தி, எவ்வளவு அமைதியா கேக்கறா!”

அமைதி என்றால் தங்களுக்கு ஒழுக்கம். பஸ் ஓட்டியவனுக்கு அமைதி என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் தேநீர்த் தம்ளர்களோடு வெளியே வந்து பார்த்தேன். குழந்தையின் வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, உதடு நீலம் பூத்துக்கொண்டு வருகிறது. சம்பந்தி, எத்தனையோ முறை பிரேக் பிடிக்காமல் சரிவில் இறங்கியிருக்கிறேன். அப்படி ஒரு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை. தம்ளர்களை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அவளைப் பிடுங்கி முன்கையில் குப்புறப் போட்டேன். ஒரு தட்டு. தாங்கள் கையில் தலையங்கத்தோடு சிலையாக நின்றீர்கள். அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. நான் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: “டேய் சொட்டை! எருமை மாதிரி என்னடா நிக்கற? போனை எடுடா!”

தாங்கள் எடுத்தீர்கள். கண்ணாடியைத் தேடவில்லை. யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இன்னும் இரண்டு தட்டு, ஒன்றும் இல்லை. அதற்கடுத்த தட்டில் பட்டன் தெறித்து வந்து, ஜன்னல் திண்டில் நான் வைத்திருந்த தங்கள் தேநீரிலேயே விழுந்தது. பிறகு அவள் அழுதாள் பாருங்கள்! என் வண்டி ஹாரன் தோற்றுப்போகும். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டையையும் நெஞ்சையும் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் மகள் நம் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், நாமும் அழுதோம். எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, தாங்கள் எழுந்து முகம் கழுவிப் பையை எடுத்துக்கொண்டு வந்து, “சம்பந்தி, ‘டேய்’ பரவால்லைங்க. ‘எருமை’யும் அவசரத்துல வந்ததுன்னு வச்சுக்கறேன். ஆனா ‘சொட்டை’… அது ரொம்ப நாளா மனசுல வச்சிருந்த வார்த்தைங்க” என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்கே போய்விட்டீர்கள்.

மறுக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடந்த அன்றிலிருந்தே மனசில் வைத்திருந்ததுதான். ஆனால் அன்பாக வைத்திருந்தேன். மேலும் ஒன்று. தங்களைக் கை காட்டி அடையாளம் சொல்ல வேண்டும் என்பது நர்ஸம்மாவின் விதி. நீலச் சட்டை, கறுப்புப் பை என்று சொல்லலாமாம். தாங்கள் அன்று போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, நானும் வெள்ளைச் சட்டை. குழப்பம் வரக் கூடாதென்று இரண்டு பேருக்கும் வித்தியாசமான ஒரு அங்கத்தைச் சொன்னேன். இதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அன்று போனில் தாங்கள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் ‘அமைதி’ என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருந்தது யாருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸ் டிரைவர் என்னிடம் தனியாக வந்து, “போன் பண்ணினவர் யாருங்க, லாரி ஆபீஸா?” என்று கேட்டார். தாங்கள் அவரைச் சொன்ன வார்த்தையையும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை, பேத்தி இருக்கிற வீடு. முப்பது வருஷம் ரோட்டில் வண்டி ஓட்டிய நான் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. எந்த அலமாரியில், எந்தப் புத்தகத்தில் வைத்திருந்தீர்கள் சம்பந்தி? அவரிடம் தங்கள் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதைக் கேட்டதாலதான் சார் சிக்னல்ல கூட நிக்காம வந்தேன்” என்றார்.

இப்போது நிலவரம் இதுதான். பரீட்சை சனிக்கிழமை. நர்ஸம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அன்னிக்கு ரெண்டு பேருமே பாஸ். ஆனா நான் கண்ணால பாக்கணும். ஜோடியா வாங்க” என்றார். மகளோ முன்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறாள். “அன்னிக்கு ஒரு ஆள் மட்டும் வீட்ல இருந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?” என்கிறாள். வேறு ஜோடி தேடாமல் இல்லை. மாடி வீட்டுத் தையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒத்திகை பார்த்தேன். தலையணையைத் தட்டிக்கொண்டே “டேய், போனை எடுடா” என்றதுதான் தாமதம், “எவனைப் பாத்துய்யா டேய்ங்கற?” என்று என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். பழக்கம் இல்லாதவரை எப்படித் திட்டுவது? திட்டினால் போன் எடுக்கிற ஆள் வேண்டும். அப்படி எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவரும் இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியாக ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை பேத்தியை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்து இந்தக் கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகையால், மேற்படி சம்பவத்தில் என் வாயிலிருந்து வந்த மூன்று சொற்களையும் இதன்மூலம் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். இனிமேல் எந்தச் சூழ்நிலையிலும், உயிர் போகிற அவசரமாக இருந்தாலும், தங்களைத் ‘தாங்கள்’ என்றே அழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன். சனிக்கிழமை பரீட்சையிலும் ‘மாண்புமிகு சம்பந்தி அவர்களே’ என்று தொடங்கியே போன் எடுக்கச் சொல்வேன். பொம்மை பிழைத்தால் பிழைக்கட்டும், போனால் போகட்டும். தாங்கள் பெரிய மனது வைத்துப் புறப்பட்டு வர வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கும் தங்கள் மகளுக்கும் எங்கள் அன்பு, பிறக்கப் போகும் குழந்தைக்கு ஆசிகள். தங்கள் நற்குணமும், தலையும், எல்லா வளமும் பெற்றுப் பல்லாண்டு விளங்கட்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
பெண்ணைப் பெற்ற சம்பந்தி

பின்குறிப்பு: இந்தத் தாளின் கீழ் மூலை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு கூரியர் உறையைத் தேடிய நேரத்தில் நம் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். இருமினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் சத்தமாகத்தான் இருமினாள், அதனால் நர்ஸம்மா சொன்னபடி தட்டாமல் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். முதுகில் தட்டுவதைவிட அது ரொம்பக் கஷ்டம். கடைசியில் துப்பிவிட்டாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் இருமிய அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் நாற்காலியைக் கை காட்டி, “டேய் சொட்டை, போனை எடுத்துக் கையில வச்சுக்கடா” என்று கத்தினேன். நாற்காலி காலியாக இருந்தது. மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. தாங்களாவது மாண்புமிகுவாவது! சனிக்கிழமை காலைக்குள்ள கிளம்பி வாடா. பட்டன் இல்லாத பனியன் சட்டையா போட்டுக்கிட்டு வா.